எண்பதாம் நம்பர் உப்புத்தாள்

முதல் உப்புத்தாள் கிழிந்தது. இரண்டாவதும் கிழிந்தது. மூன்றாவதைக் காய் நறுக்கும் பலகையின் மேல் விரித்து, நான்கு மூலையிலும் டேப் ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தியைத் தள்ளியபோது அதுவும் நடுவில் வாயைப் பிளந்தது. கத்தியக்கா சமையலறைத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து மூன்று கிழிசல்களையும் பார்த்தாள். மூன்றும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி கிழிந்திருந்தன. தப்பைக்கூட இவ்வளவு ஒழுங்காகச் செய்கிறோமே என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்கியதும் நாலாவது தாளை எடுத்தாள். அவள் சுபாவம் அப்படி. ஒன்றைப் பிடித்தால் அது படிகிற வரைக்கும் விடமாட்டாள். படியாவிட்டால் இன்னும் விடமாட்டாள்.

கத்தியக்கா என்பது கேன்டீனில் வைத்த பேர். எட்டு மாடி அலுவலகக் கட்டடம், அதன் தரைத்தளத்தில் கேன்டீன், அதன் கோடியில் ஜன்னலோரமாகக் காய் வெட்டும் மேசை. அந்த மேசையில் பதினோரு வருடம் நின்றவள். மற்றவர்கள் கேன்டீன் கத்தியில் வெட்டுவார்கள். இவள் மட்டும் சொந்தக் கத்தியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து வீட்டுக்கு எடுத்துப் போவாள். வேறு யாராவது தொட்டால் போச்சு, அன்றைக்கு முழுக்க முகம் கொடுத்துப் பேசமாட்டாள். அவள் வெங்காயம் வெட்டுவதைப் பார்க்க மேல்மாடிக்காரர்கள் தட்டோடு வந்து நின்றதுண்டு. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்தான். இல்லை என்று அவளும் சொல்லமாட்டாள்.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு பூசணிக்காய் அத்தனையையும் கெடுத்தது. பூசணிக்காயைக் குற்றம் சொல்லி என்ன, கத்தி மழுங்கிக் கிடந்தது. தீட்டணும், நாளைக்குத் தீட்டணும் என்று இரண்டு வாரமாகத் தள்ளிப்போட்டாள். மழுங்கிய கத்தி தோலில் இறங்காமல் வழுக்கி, அழுத்திய வேகத்தோடு இடது கைப் பெருவிரலின் அடியில் போய் இறங்கியது. நரம்பைத் தைத்தார்கள். விரல் பிழைத்தது, ஆனால் பாதிதான் மடங்கும், எதையும் இறுக்கிப் பிடிக்காது. திரும்பி வேலைக்கு வந்தபோது மேசையில் புதுப்பெண் ஒருத்தி நின்றிருந்தாள். மாஸ்டர் கத்தியக்காவைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அனுப்பினார். நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினார். ஆனாலும் பதினோரு வருடம் ஜன்னலைப் பார்த்து நின்றவளுக்கு எச்சில் தட்டையும் சுவரையும் பார்த்து நிற்பது தொண்டையில் சிக்கிய முள் மாதிரி இருந்தது. இந்த வாரத் தொடக்கத்தில் நேராக மாஸ்டரிடம் போய், மேசைக்குத் திரும்ப வருகிறேன் என்று கேட்டுவிட்டாள்.

மாஸ்டர் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிற ஆள். "அடுத்த வாரம் ஆபீசுக்குப் பேர் எழுதிக் குடுக்கணும். திங்கக்கிழமை வா. உரிச்ச வெங்காயம் ஒரு கூடை. ஏழரைக்கு ஆரம்பி, ஒன்பதுக்குள்ள முடி. முடிச்சா மேசை உன்னுது. முடியலன்னா பாத்திரம்தான், அப்புறம் இதைப் பத்தி என்கிட்ட வந்து நிக்கக் கூடாது" என்றார்.

சரி மாஸ்டர் என்றாள். அன்று சாயங்காலமே பரண்மேல் ஏறிக் கத்தியைத் தேடினாள். விபத்துக்குப் பிறகு கணவர் அதைப் பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். அவர் பெயின்டர். வீட்டில் வெள்ளைப் புள்ளி விழாத பொருள் கிடையாது. ஒரு நாளைக்கு எண்ணிப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். கத்தி இறங்கி வந்ததைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமைப் பரீட்சையைப் பற்றி அவளும் மூச்சுவிடவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார், பிறகு அதற்கு ஒரு சண்டை போடவேண்டும், அந்தச் சக்தியை வெங்காயத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

முன்பெல்லாம் வாசல்படிக் கல்லில் நாலு தேய்ப்புத் தேய்த்தால் போதும். அந்தக் கூர் மதியம் வரைகூடத் தாங்காது, ஆனால் அப்போது பிடிக்கிற கையில் பலம் இருந்தது. இப்போது அது பத்தாது. கூரில்லாத கத்தி வெங்காயத்தை நகர்த்தும், நகர்வதை நிறுத்தப் பெருவிரல் வேண்டும், அது இவளிடம் இல்லை. வெங்காயத்துக்கே தெரியாமல் உள்ளே இறங்குகிற கூர் வேண்டும். வெளியூரில் படிக்கும் மகளிடம் போனில் கேட்டபோது அவள் ஒரு வீடியோ அனுப்பினாள். உப்புத்தாளில் கத்தி தீட்டுகிற வீடியோ. பேசுகிற பாஷை என்னவென்றே தெரியவில்லை, ஆள் முகமும் தெரியாது, இரண்டு கை மட்டும் வரும். உப்புத்தாளுக்கா இந்த வீட்டில் பஞ்சம்! பெயின்டரின் பையில் நானூறு நம்பர் தாள் கற்றையாக இருந்தது. நைசாக முடிக்க இரண்டாயிரம் நம்பர் மட்டும் ஹார்டுவேர் கடையில் வாங்கிக்கொண்டாள்.

நாலாவது தாளும் கிழிந்த பிறகுதான் வீடியோவை மறுபடி போட்டு, மாமியார் மருமகளைப் பார்க்கிற மாதிரி அந்தக் கைகளை உற்றுப் பார்த்தாள். அந்தக் கை ஒரு தடவைகூடக் கூரை முன்னால் வைத்துத் தள்ளவில்லை. முதுகு முன்னால் போக, கூர் பின்னாலேயே வர, இழுத்துக்கொண்டே இருந்தது. கல்லில் தள்ளிப் பழகிய கை இவளுடையது. கல் தாங்கும், தாள் தாங்குமா? அதோடு அந்த ஆள் தாளை வைத்திருந்தது மரத்தில் இல்லை, கண்ணாடியில். மரம் உள்வாங்கும், கூர் உருண்டு போகும். வீட்டில் அந்த அளவுக்குக் கண்ணாடி இல்லை. ஏதோ வேலையில் மிஞ்சியதென்று பெயின்டர் கொண்டுவந்த தரை டைல்ஸ் ஒன்று தொட்டிக்கு அடியில் கிடந்தது. அதைத் துடைத்துத் தண்ணீர் தெளித்துத் தாளை வைத்தாள். பச்சென்று ஒட்டிக்கொண்டது. கத்தி முதுகுக்கடியில் இரண்டு நாணயம் அடுக்கிச் சாய்வு பார்த்துக்கொண்டு, நாணயத்தை எடுத்துவிட்டு, அந்தச் சாய்விலேயே இழுத்தாள். சர்ரென்று ஒரு சத்தம் வந்தது. தாள் கிழியவில்லை. கறுப்பாகத் தண்ணீர் ஓடியது.

புதன்கிழமை இப்படித் தொடங்கி, ஒரு பக்கம் ஐம்பது, மறு பக்கம் ஐம்பது என்று இழுத்து, நகத்தால் தடவிப் பார்த்தபோது மறுபக்கம் மெல்லிய பிசிறு தட்டியது. பிசிறு வந்துவிட்டால் கூர் வந்துவிட்டது என்று அர்த்தம், அதை இரண்டாயிரத்தில் நீவி எடுத்துவிட வேண்டியதுதான். நீவினாள். பழைய பெல்ட்டில் பத்து இழுப்பு இழுத்தாள். பேப்பரை நீட்டிப் பிடித்துக் கத்தியை வைத்ததும் முக்கால்வாசி தூரம் கோடு போட்ட மாதிரி இறங்கியது. கத்தியக்கா தனியாக நின்று ஒரு தரம் சத்தமாகச் சிரித்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வழக்கத்தைவிட ஒரு கறி அதிகம் வைத்தாள்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு வேலை விட்டு வந்து கத்தியைத் துணியிலிருந்து பிரித்து வெங்காயத்தில் வைத்தால், கத்தி மேலேயே நின்றது.

அவள் தன்னைத்தான் நொந்துகொண்டாள். பிசிறு சரியாகப் போகவில்லை, வளைந்து நின்று கூர் மாதிரி ஏமாற்றியிருக்கிறது, எடுத்த எடுப்பில் வந்தது எடுத்த எடுப்பில் போய்விட்டது என்று தனக்குத்தானே விளக்கம் சொல்லிக்கொண்டு முதலிலிருந்து இழுத்தாள். இருட்டுவதற்குள் மறுபடியும் பேப்பர் வெட்டியது. வெள்ளிக்கிழமை வந்து பார்த்தால் மறுபடியும் மொட்டை. இந்தத் தடவை அழுகை வந்தது. அழுதாள். அழுதுகொண்டே தாளை நனைத்தாள். கைக்குத் திறமை போய்விட்டதோ என்ற பயம் அன்றைக்குத்தான் முதன்முதலாக அவளுக்கு வந்தது. தொட்டியடிதான் இனி என்று மனசு ஒரு பக்கம் சொல்ல, போடா என்று அதற்குப் பதில் சொன்னாள்.

வீடியோவில் அந்த ஆள் ஓரிடத்தில் கூர் ஓரமெல்லாம் பேனாவால் மை பூசுவான். இழுத்த பிறகு மை எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் தாள் படுகிறது என்று அர்த்தம். மகளின் மேசையில் ஊதா நிற மார்க்கர் ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை ராத்திரி மறுபடி தீட்டி முடித்த பிறகு, நாளைக்கு வந்து சாய்வைச் சோதித்துக்கொள்ளலாம் என்று கூர் ஓரம் முழுக்க இரண்டு பக்கமும் ஊதா அடித்து, காயவைத்து, துணியில் சுற்றி வைத்தாள்.

சனிக்கிழமை துணியைப் பிரித்தாள். ஊதா அப்படியே இருந்தது, விளிம்பில் மட்டும் இல்லை. நுனியிலிருந்து பிடி வரைக்கும் ஒரு வெள்ளைக்கோடு, வெளிச்சத்தில் மினுமினுவென்று. கூரான கத்தியின் விளிம்பு கண்ணுக்குத் தெரியாது, மழுங்கினால்தான் மினுங்கும். இந்த நாலு நாளில் அவள் அவ்வளவு கற்றிருந்தாள். துணி உரசி அழிந்ததோ என்று துணியைப் புரட்டிப் பார்த்தாள். துணியில் ஒரு பொட்டு ஊதா இல்லை.

ஒன்றும் விளங்காமல் துணி துவைக்கப் போனாள். பெயின்டர் காலையில் மாற்றிப் போட்டுவிட்டுப் போன வேலைச் சட்டையைப் பக்கெட்டில் போடுமுன் வழக்கம்போலப் பையைத் துழாவினாள். ஒருநாள் ஆணி இருக்கும், ஒருநாள் பென்சில் இருக்கும். இன்றைக்கு நாலாக மடித்த உப்புத்தாள் இருந்தது. சுவரில் முதல் தேய்ப்புக்குப் போடுகிற எண்பதாம் நம்பர், கையில் பட்டால் தோல் உரியும். பிரித்தாள். நடுவில் நேர்கோடாக ஒரு பள்ளம், பள்ளம் நெடுக ஊதா.

காலை ஆறு மணிக்கு அவள் கிளம்புவாள். எட்டு மணிக்கு அவர் கிளம்புவார். நடுவில் இரண்டு மணி நேரம் வீட்டில் அவரும் கத்தியும் மட்டும்தான். கத்தியக்கா அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள். கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அதற்கு முன்னாலேயே இன்னொன்று வந்துவிட்டது, அதைச் சொல்லாவிட்டால் பொய்யாகும். அப்பாடா, கை போகவில்லை, நான் தீட்டினது சரிதான் என்று ஒரு பெரிய நிம்மதி வந்தது. இருபத்தைந்து வருடத் தாம்பத்தியத்தில் துரோகத்தைக் கண்டுபிடித்து நிம்மதி அடைந்தவள் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் வந்து, முகம் கழுவி, உட்கார்ந்தார். அவள் தேநீரை வைத்தாள். டம்ளருக்குப் பக்கத்தில் தாளையும் விரித்து வைத்தாள்.

அவர் தாளைப் பார்த்தார். தேநீரைத் தொடவில்லை.

"எத்தனை நாளா?"

"நீ தீட்ட ஆரம்பிச்சதுலருந்து."

"வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா கேப்பியா?"

கேட்டிருக்க மாட்டாள். அது அவருக்கும் தெரியும் என்பதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. திருட்டுத்தனம், நாலு நாள் உழைப்பு, கண் எரிச்சல், கை வலி என்று அவள் வரிசையாகக் கேட்டாள். அவர் அத்தனைக்கும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது, கதவில் தொங்கிய மஞ்சள் துண்டைப் பார்த்தபடி சொன்னார்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில, உன் கையில சுத்தியிருந்த அந்தத் துண்டை நான்தான் அலசினேன். மூணு பக்கெட் தண்ணி மாத்தினேன். மூணும் சிவப்பு."

அவளுக்கு அது தெரியாது. துண்டு எப்படிச் சுத்தமாகி வீட்டுக்கு வந்தது என்று ஆறு மாதத்தில் ஒரு தடவைகூட அவள் யோசித்ததில்லை. தினமும் அதில்தான் கை துடைத்தாள். கோபத்துக்கு இருந்த கால் ஒன்று மடங்கியது போலிருந்தது. ஆனாலும் திங்கட்கிழமை திங்கட்கிழமைதான், அது யாருக்காகவும் தள்ளிப்போகாது. அவள் எழுந்துபோய்ப் பலகையையும் ஒரு தக்காளியையும் அவர் மழுக்கிய கத்தியையும் கொண்டுவந்து எதிரே வைத்தாள்.

"இடது கைப் பெருவிரலை உள்ள மடக்கிக்கோங்க. என் கை மாதிரி. இப்ப வெட்டுங்க."

அவர் மடக்கிக்கொண்டு நாலு விரலால் தக்காளியைப் பிடித்தார். கத்தியை வைத்து அழுத்தினார். தோலில் இறங்கவில்லை. இன்னும் அழுத்தினார். தக்காளி ஒரு பக்கம் பிதுங்கி உருண்டது, கத்தி பலகையில் டக்கென்று விழுந்தது, அவருடைய நடுவிரல் நகத்துக்கு ஒரு நூல் தள்ளி. அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் அந்த விரலையே பார்த்தார்.

"அன்னைக்கும் இப்படித்தாங்க. மழுங்கினதுதான் வெட்டுச்சு. திங்கக்கிழமை இதை வச்சு ஒரு கூடை வெங்காயம் நான் வெட்டணும். உங்ககிட்ட சொல்லல, என் தப்புதான். சொல்லிட்டேன் இப்ப."

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. டைல்ஸை எடுத்துத் தரையில் வைத்தாள், தண்ணீர் தெளித்தாள், நானூறாம் நம்பரை ஒட்டினாள், இழுக்க ஆரம்பித்தாள். ஆறிப்போன தேநீரை அவர் ஒரே மடக்கில் குடித்தார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தாள். போகவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு முப்பது இழுப்பு போயிருக்கும்.

"அழுத்தாத."

"என்ன?"

"தாளை அழுத்தாதன்னேன். அதுவா தின்னும். தண்ணியும் பத்தாது, அடைச்சிக்கிச்சு பாரு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகத்தில் சமாதானமும் இல்லை, சம்மதமும் இல்லை. தன் கண்ணெதிரே ஒருத்தி உப்புத்தாளைத் தப்பாகத் தேய்க்கிறாள் என்கிற பொறுக்கமுடியாத எரிச்சல் மட்டும்தான் இருந்தது. இதற்கு அடுத்து என்ன நம்பர் போடுகிறாய் என்று கேட்டார். இரண்டாயிரம் என்றாள். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். நானூறு போட்ட கீறலை இரண்டாயிரம் எப்படி எடுக்கும், நடுவில் படி வேண்டாமா என்று எழுந்துபோய்ப் பையைக் கொட்டி, கதவு பாலிஷ் வேலையில் மிஞ்சிய அறுநூறு, எண்ணூறு, ஆயிரம் எல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்தார். பாஷை தெரியாத இரண்டு கைகளை அவள் நாலு நாளாகப் போனில் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வருடம் ஊரான் சுவரைத் தேய்த்த கை இரண்டு இதே வீட்டில் சோறு பிசைந்து சாப்பிட்டுக்கொண்டு இருந்தது. நினைக்க நினைக்க அவளுக்குச் சிரிப்பும் வந்தது, நாலு அறை கொடுக்கலாம் என்றும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதுதான் வேலை. கத்தியை அவர் தொடவே இல்லை. தொடச் சொல்லி அவளும் கேட்கவில்லை. தாளை மாற்றினார், தண்ணீர் ஊற்றினார், டைல்ஸ் நகராமல் இரண்டு மூலையைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு நம்பரிலும் முந்தின நம்பரின் கீறல் மறையும்வரை அடுத்ததற்கு விடவில்லை, அவளே ஓய்ந்துபோய்ப் போதும் என்றபோதும் விடவில்லை. மத்தியானம் மூன்று மணிக்குத் தக்காளியைப் பலகையில் சும்மா வைத்து, யாரும் பிடிக்காமல், மேலே கத்தியை வைத்து இழுத்தாள். தக்காளி இருந்த இடத்திலேயே இரண்டானது. அவர் பாதியை எடுத்து வெட்டுமுகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை அவள் கிளம்பும்போது வாசலில் நின்று துணி மூட்டை ஒன்றைக் கொடுத்தார். கனமாக இருந்தது. பாதியில் கூர் போகும், அப்போது பிரி என்றார்.

ஏழரைக்கு மாஸ்டர் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். புதுப்பெண் தள்ளி நின்று இடம் விட்டாள். ஜன்னல் அப்படியே இருந்தது, வெளியே வண்டி நிறுத்துகிற இடமும் வேலியும் அப்படியே இருந்தன. கத்தியக்கா நாலு விரலை வளைத்து முதல் வெங்காயத்தின் மேல் வைத்தாள், பெருவிரலை ஒதுக்கிக்கொண்டாள், கத்தியை இறக்கினாள். சத்தமே வரவில்லை. வெங்காயம் நகரவில்லை. இரண்டாவது, மூன்றாவது. ஐந்தாவது வெங்காயத்துக்குள் கைக்குப் பழைய தாளம் வந்துவிட்டது. முழுசாக இல்லை, முன்பைவிட மெதுவாகத்தான். அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவசரம் வரும், அவசரம் வந்தால் அழுத்துவாள்.

கூடை பாதி தாண்டி ஒரு வெங்காயம் லேசாக நழுவியது. மயிரிழைதான், வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் கத்தியைக் கீழே வைத்தாள். மாஸ்டர் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். எட்டு முப்பத்தைந்து, இன்னும் கால் கூடைக்கு மேல் இருக்கிறது என்று ஞாபகப்படுத்தினார்.

"இருக்கட்டும் மாஸ்டர். இதை வச்சு வெட்ட மாட்டேன்."

மூட்டையைப் பிரித்தாள். டைல்ஸ்தான். உள்ளங்கையில் அடங்குகிற அளவுக்குச் சின்னதாக வெட்டி, மேலே இரண்டாயிரம் நம்பரை அளவாகக் கத்தரித்து ஒட்டியிருந்தது. ஓரத்தில் வெள்ளைப் பெயின்டில் பாதி விரல்ரேகை. வெட்டிய டைல்ஸ் ஓரம் பிளேடு மாதிரி இருக்கும், பெருவிரல் மடங்காத கையால் எப்படிப் பிடிப்பது என்று ஒரு கணம் தயங்கிவிட்டு எடுத்தாள். கையில் ஒன்றும் குத்தவில்லை. நாலு மூலையும் நாலு ஓரமும் எண்பதாம் நம்பரில் தேய்த்துத் தேய்த்து, ஆற்றங்கரைக் கூழாங்கல் போல் மழுக்கப்பட்டிருந்தன. குழாயைத் திறந்து தாளை நனைத்தாள். கூர் பின்னால் வர, முதுகு முன்னால் போக, கத்தியை முதல் இழுப்பு இழுத்தாள்.